நம் பாட்டுகள் எத்தனை விற்றன?

பொன்விழா மலருக்காகச் சங்கத்தின் இரும்பு அலமாரியைத் திறந்தபோது, மலர்க்குழுவினராகிய நாங்கள் தேடியது பழைய புகைப்படங்களைத்தான். கிடைத்தவை பெரும்பாலும் கணக்குப் புத்தகங்கள். கரையான் தொடாமல் அல்லாஹ் காப்பாற்றியிருந்தான். அவற்றைப் புரட்டிக்கொண்டு வந்தபோது 2001-ஆம் ஆண்டின் கடைசிப் பக்கங்களில் ஒரு குறிப்பு எங்களை நிறுத்தியது. இஸ்லாமியப் பாட்டு ஒலிநாடாக்களின் விற்பனை முந்தின ஆண்டைவிட வெகுவாகக் குறைந்துவிட்டது என்றும், அடுத்த ஆண்டிலிருந்து அந்த மேசையைப் போடவேண்டாம் என்று பொதுக்கூட்டம் முடிவு செய்தது என்றும் அதில் எழுதியிருந்தது.

மூத்தவர்களுக்கு அந்த மேசை நினைவிருக்கும். நோன்பு மாதம் முழுவதும் தராவீஹ் தொழுகை முடிந்து வெளியே வரும் வழியில் அது இருக்கும். தொப்பி, தஸ்பீஹ், அத்தர், யாசீன் கிதாபு, பேரீச்சம்பழம், அவற்றோடு பாட்டுக் கேசட்டுகள். பக்கத்திலேயே ஒரு டேப் ரிக்கார்டர் சன்னமாகப் பாடிக்கொண்டிருக்கும். அதை நிறுத்த வேண்டும் என்று அன்று கை தூக்கியவர்களில் இந்த மலர்க்குழுவில் இருக்கும் இருவரும் உண்டு. ஆகவே இந்தக் கட்டுரை பிறர் மீது குறை சொல்ல எழுதியதல்ல. அந்தக் கணக்கை நாங்கள் எப்படித் தவறாகப் படித்தோம் என்பதைப் பதிவு செய்யவேண்டும் என்று நினைத்தோம். அதற்கு, நம் பாட்டுகள் இந்த நாட்டுக்கு வந்த வரலாற்றைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

இசைத்தட்டு வந்த காலத்திலிருந்தே நம் பாட்டுகள் கணக்குக்குச் சரியாக அகப்படவில்லை. இந்தியாவில் முதல் ஒலிப்பதிவுகள் 1902-இல் நடந்தன. 1908-இல் கல்கத்தாவின் சியால்டாவில் தொழிற்சாலை வந்தபின், நாய் படம் போட்ட ஹெச்.எம்.வி. தட்டுகள் தமிழகத்துக்கும் மலாயாவுக்கும் பரவின. 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம். அந்த மூன்று நிமிடத்துக்குள் அடங்கும்படி முனாஜாத்தையும் புகழ்ப்பாவையும் பாட வேண்டியிருந்தது.

அந்தத் தட்டுகள் இங்கே வந்த வழி இரண்டு. ஒன்று கடை வழி. மற்றொன்று பெட்டி வழி. 1926-இலிருந்து 1973 வரை ஓடிய ‘ரஜுலா’ கப்பலையும், அதற்குப் பின் 1985-இல் தீப்பிடிக்கும் வரை வந்துகொண்டிருந்த ‘சிதம்பரம்’ கப்பலையும் நம் குடும்பங்களில் மறந்தவர் யார்? நாகப்பட்டினத்தில் ஏறி, பினாங்கிலோ, அந்நாளில் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று வழங்கிய கிள்ளான் துறைமுகத்திலோ இறங்கியவர்களின் தகரப் பெட்டியில் கைலிக்கும் கருவாட்டுக்கும் நடுவே துணி சுற்றிய தட்டுகள் இருந்தன. பிற்காலத்தில் அவை கேசட்டுகளாயின. நாகூர் கந்தூரிக்குப் போய்த் திரும்பியவர் பத்து வீட்டுக்கு வாங்கி வருவார். அந்த விற்பனை நாகூர்க் கடையின் கணக்கில் இருந்திருக்கும். மலேசியாவின் கணக்கில் இராது. ஆனால் கேட்டது மேருவிலும் காப்பாரிலும்தான்.

இசைமுரசு நாகூர் ஈ.எம். ஹனிபா அவர்களைப் பற்றிப் பேசாமல் இந்த வரலாறு நகராது. 1925-இல் பிறந்து 2015 ஏப்ரல் 8-இல் மறைந்த அவர், இஸ்லாமியப் பாட்டும் பாடினார், திராவிட முன்னேற்றக் கழகத்தின் மேடைப் பாட்டும் பாடினார், சினிமாவிலும் பாடினார். மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் பலமுறை வந்து கச்சேரி செய்தார். ஒலிபெருக்கியே தேவைப்படாத குரல் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். கொஞ்சம் மிகையாக இருக்கலாம். மேடைக்கு முன்வரிசையில் உட்கார்ந்தவர்கள் மறுக்கமாட்டார்கள்.

கணக்குப் பார்க்கிறவருக்கு இவரால் ஒரு சிக்கல். இவர் தட்டை எந்தத் தட்டத்தில் அடுக்குவது? 1961-இல் வந்த ‘பாவமன்னிப்பு’ படத்தில் டி.எம். சௌந்தரராஜனோடு சேர்ந்து ஹனிபா பாடிய பெருநாள் பாட்டு இருக்கிறதே, அது விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையமைத்த சினிமாப் பாட்டு. கடைக்காரர் அதைச் சினிமா வரிசையில்தான் வைப்பார். நம் வீடுகளிலோ பெருநாள் காலையில் முதலில் ஒலிப்பது அதுதான். அந்தப் படத்தின் தட்டு எத்தனை விற்றிருந்தாலும் அதில் ஒன்றுகூட ‘இஸ்லாமியப் பாட்டு’ என்று எண்ணப்பட்டிராது. மறுபக்கம், ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ என்ற பாட்டை இந்துக்களும் கிறிஸ்தவர்களும் வாங்கிக் கேட்டார்கள். அதை இஸ்லாமியப் பாட்டின் விற்பனை என்று எழுதினால், முஸ்லிம்கள் மட்டும் வாங்கியதாகப் படிக்கிறவர் நினைத்துக்கொள்வார். கட்சிப் பாட்டுக்காக ஹனிபாவை வாங்கியவர் கடையில் என்ன கேட்டார்? ‘ஹனிபா ரெக்கார்டு இருக்கா?’ என்றுதான். வகை என்பது கடைக்காரர் போடும் பெயர். கேட்பவர் தேடி வந்தது குரலை.

நம் மேசைக் கணக்கிலும் இதே கூத்து நடந்திருக்கிறது. பயான் கேசட்டுகளை அன்றைய பொருளாளர் ‘மார்க்க நூல்கள்’ என்ற தலைப்பில் எழுதியிருக்கிறார். ஒரு பக்கம் பயானும் மறுபக்கம் பாட்டுமாக வந்த கேசட்டுகளும் அங்கேயே போயிருக்கின்றன. ‘பாட்டு’ என்ற தலைப்பில் மிஞ்சியது முழுக்க முழுக்கப் பாட்டாக இருந்தவை மட்டுமே. அவரைக் குறை சொல்ல முடியாது. மர்ஹூம் அவர்கள் ஒரு காசு பிசகாமல் எழுதியவர். கூட்டல் எல்லாம் சரி. தலைப்புதான் வேறு கதை சொன்னது.

சினிமாப் பாட்டோடு ஒப்பிட்டு நம் பாட்டு விற்கவில்லை என்று சொல்வதும் அவ்வளவு நேர்மையான ஒப்பீடு அல்ல. சினிமாப் பாட்டின் விற்பனை படம் ஓடும் நாட்களில் குவியும். படம் போனால் அடுத்த படத்தின் கேசட் வந்து முன்னதைத் தள்ளிவிடும். பக்திப் பாட்டு அப்படியல்ல. வாரத்துக்கு இரண்டு, மூன்று என்று விற்கும். ஆனால் இருபது ஆண்டு கழித்தும் விற்கும். நம் தமிழ்ச் சூழலிலேயே பெரிய உதாரணம், எம்.எஸ். சுப்புலட்சுமி பாடி 1963-இல் ஹெச்.எம்.வி. வெளியிட்ட வேங்கடேச சுப்ரபாதம். அதன் ராயல்டியை அவர் திருப்பதி தேவஸ்தானத்துக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். பல பத்தாண்டுகள் அந்தப் பணம் போய்க்கொண்டே இருந்தது. ஏதாவது ஒரு வாரத்தை எடுத்து ‘இந்த வாரம் அதிகம் விற்றது எது’ என்று பட்டியல் போட்டால் சுப்ரபாதம் அதில் தலைகாட்டாது. ஹனிபாவின் பாட்டுகளும் அந்த ரகம்தான்.

பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் அறிமுகப்படுத்திய கேசட், எழுபதுகளின் கடைசியில் சாமானிய வீடுகளுக்கும் வந்தது. வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள் ‘டூ இன் ஒன்’ பெட்டியைத் தோளில் சுமந்து ஊர் திரும்பிய காலம் அது. இந்தியாவில் அதன் விளைவு என்ன என்று பீட்டர் மேனுவல் என்ற அமெரிக்க இசை ஆய்வாளர் 1993-இல் ஒரு நூலே எழுதினார். இசைத்தட்டுக் காலத்தில் பத்தில் ஒன்பது பங்காக இருந்த சினிமா இசையின் பங்கு, எண்பதுகளில் பாதிக்கும் கீழே இறங்கியதாக அவர் காட்டுகிறார். மக்கள் திடீரென்று சினிமாவை வெறுத்துவிட்டார்களா? இல்லை. தட்டு அச்சடிக்கப் பெரிய ஆலை வேண்டும். அது ஒன்றிரண்டு கம்பெனிகளிடம்தான் இருந்தது. கேசட் பதிய ஒரு சின்ன அறை போதும். ஊருக்கு ஊர் சிறு கம்பெனிகள் முளைத்தன. பக்திப் பாட்டும் நாட்டுப்புறப் பாட்டும் வட்டாரப் பாட்டும் கடைக்கு வந்தன. அதற்கு முன்பு அவற்றைக் கேட்க ஆள் இல்லை என்று பொருளல்ல. விற்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

கிள்ளானிலும் அதைக் கண்ணால் பார்த்தோம். ஜாலான் தெங்கு கிளானாவிலும், கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா பக்கத்திலும், பிரிக்பீல்ட்ஸிலும் கேசட் கடைகள் நிறைந்தன. பசார் மாலமில் போலிக் கேசட்டும் நிறைந்தது. 1987-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் வந்த பிறகும் அது நிற்கவில்லை. கடையில் வாங்குவதில் பாதி விலைக்கும் கீழே கிடைத்தால் தோட்டத்தில் வேலை செய்கிறவர் எதை வாங்குவார்? அந்த விற்பனையை எந்தக் கம்பெனியும் தன் கணக்கில் எழுதாது. அது தவிர, எல்லார் வீட்டிலும் நடந்த காரியம் ஒன்று உண்டு. ஒருவர் வாங்கிய கேசட்டை இரட்டை டெக்கில் போட்டு அண்ணன் வீட்டுக்கு ஒன்று, மச்சான் வீட்டுக்கு ஒன்று என்று பதிந்து கொடுப்பார்கள். எங்களில் ஒருவர் வீட்டில் இன்றும் இருக்கும் ஹனிபா கேசட்டின் மேல், பக்கத்துத் தெரு ராத்தாவின் கையெழுத்தில் பாட்டுப் பட்டியல் இருக்கிறது. அவருக்கு அதைப் பதிந்து கொடுத்தவர் யாரென்று கேட்டோம். அவருக்கே மறந்துவிட்டது.

கேட்டவர்களை எண்ணப் புகுந்தால் இன்னும் குழப்பம். சாப்பாட்டுக் கடையில் ஒரு கேசட் ஓடினால் காலையிலிருந்து மாலை வரை பசியாற வருகிறவர்கள் அத்தனை பேரும் கேட்கிறார்கள். நிக்காஹ் வீட்டில் ஒலிபெருக்கி கட்டினால் தோட்டமே கேட்கும். விற்றதோ ஒன்று. சினிமாக் கேசட்டும் கடையில் ஓடியதுதான், மறுக்கவில்லை. ஆனால் இளைஞர் தன் அறையில் தனக்கென்று ஒன்று வாங்கி வைப்பது சினிமாக் கேசட்டைத்தான். பாத்திஹாவுக்கும் பெருநாளுக்கும் வீட்டுக்கு ஒன்று, சில சமயம் தெருவுக்கு ஒன்று போதும்.

பங்கு என்ற சொல்லும் ஏமாற்றும். இந்த நாட்டில் இந்தியர்கள் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான். அவர்களில் தமிழ் முஸ்லிம்கள் ஒரு சிறு பகுதி. நம் வீடு ஒவ்வொன்றிலும் பத்துக் கேசட் இருந்தாலும் நாட்டின் மொத்த விற்பனையில் அது கண்ணுக்குத் தெரியாது.

சமயப் பாட்டுக்கு இந்த நாட்டில் சந்தை இல்லை என்று எண்ணியிருந்தவர்களை 1996 திருத்தியது. அந்த ஆண்டு ரைஹான் குழுவினரின் ‘புஜி-புஜியான்’ என்ற நஷீத் ஆல்பம் வெளிவந்தது. ஏழு லட்சத்துக்கும் மேல் விற்றதாகச் சொல்கிறார்கள். மலேசிய இசை விற்பனையில் அதற்கு இணையில்லை என்றும் சொல்வதுண்டு. ஒரே இரவில் மலாய்க்காரர்களுக்கு நஷீத் ஆசை வந்துவிட்டதா? அதற்கு முன்பே பல ஆண்டுகளாக நஷீத் கேசட்டுகள் மதரஸாக்களிலும் சொற்பொழிவுக் கூட்டங்களிலும் கைக்குக் கை விற்றுக்கொண்டுதான் இருந்தன. ரைஹானைச் சேர்ந்தவர்களில் அந்த வழியில் பாடிப் பழகி வந்தவர்களும் உண்டு. பெரிய கம்பெனி ஒன்று கையிலெடுத்துச் சாதாரண இசைக்கடையின் தட்டத்தில் வைத்த பிறகுதான் அந்த விற்பனை ஊருக்குத் தெரிந்தது.

எண்ணிக்கைக்குப் பேர்போன அமெரிக்காவிலேயே இந்தக் கதை நடந்திருக்கிறது. அங்கே ‘பில்போர்டு’ பத்திரிகையின் விற்பனைப் பட்டியலைத்தான் எல்லாரும் நம்பினார்கள். 1991 வரை அதை எப்படித் தயாரித்தார்கள்? கடைக்காரர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டு, எது நன்றாகப் போகிறது என்று கேட்டு எழுதினார்கள். கடைக்காரர் தனக்குப் பிடித்ததையும், கம்பெனி ஆட்கள் சொல்லச் சொன்னதையும் சொல்லலாம் அல்லவா? 1991 மே மாதத்தில் கடை முகப்பில் பட்டைக்குறியை ஸ்கேன் செய்து எண்ணும் முறைக்கு மாறினார்கள். சில வாரங்களிலேயே பட்டியல் தலைகீழானது. ஜூனில் என்.டபிள்யூ.ஏ. என்ற ராப் குழுவின் ஆல்பம் முதல் இடத்துக்கு வந்தது. செப்டம்பரில் கார்த் புரூக்ஸ் என்பவரின் ஆல்பம், வெளியான வாரமே முதலிடத்தைப் பிடித்த முதல் கண்ட்ரி இசை ஆல்பமாயிற்று. கறுப்பின இளைஞர்களின் இசையும் நாட்டுப்புற வெள்ளையர்களின் இசையும் அதற்கு முந்தின வாரமும் விற்றுக்கொண்டுதான் இருந்தன. அதே வேளையில், வெளிவந்து வெகுகாலமான ஆல்பங்களை முதன்மைப் பட்டியலில் சேர்ப்பதில்லை என்றும் விதி வைத்தார்கள். 2009 வரை அது நீடித்தது. நம் ஹனிபா அங்கே பிறந்திருந்தால் அந்த விதியில் அடிபட்டுப் போயிருப்பார்.

அங்கே ‘தங்கத் தட்டு’ விருது 1958-இலிருந்து வழங்குகிறார்கள். அது பெரும்பாலும் கடைகளுக்கு அனுப்பிய எண்ணிக்கையை வைத்துக் கொடுக்கப்பட்டது. விற்காதது திரும்பி வரும். ‘போனது தங்கம், திரும்பி வந்தது பிளாட்டினம்’ என்று அந்தத் தொழிலில் ஒரு கேலி உண்டு.

இனி 2001-க்கு வருவோம். கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நாங்கள் யோசித்தபோது, நாட்காட்டியை எடுத்துப் பார்க்கலாமே என்று எங்களில் இளையவர் ஒருவர் சொன்னார். சங்கத்தின் கணக்கு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. நம் பெருநாளோ பிறைக் கணக்கு. ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே வரும். 2000-ஆம் ஆண்டில் நோன்புப் பெருநாள் இரண்டு முறை வந்திருக்கிறது. ஒன்று ஜனவரி 8, மற்றொன்று டிசம்பர் 27. அதாவது அந்த ஓர் ஆண்டுக் கணக்கில் ஒரு நோன்பு மாதம் முழுதாகவும், அதற்கு முந்தின நோன்பின் கடைசி வாரமும் சேர்ந்து விழுந்திருக்கின்றன. கடைசி வாரம் என்றால் என்ன என்று மேசையில் நின்றவர்களைக் கேளுங்கள். போனஸும் கையுமாக ஜனங்கள் வரும் வாரம் அது. 2001-இல் டிசம்பர் நடுவில் ஒரே ஒரு பெருநாள். இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் விற்பனை விழுந்ததுபோலத்தான் தெரியும். தொப்பி விற்பனையும் அதே ஆண்டு விழுந்திருக்கிறது. ஆனால் தொப்பிக்கு ஆதரவு இல்லை என்று அன்று யாரும் தீர்மானம் போடவில்லை.

ஹிஜ்ரி ஆண்டின்படி கணக்கை மாற்றி எழுதிப் பார்த்தோம். அப்போதும் குறைவு இருக்கத்தான் செய்கிறது. கூட்டத்தில் சொன்ன அளவுக்கு இல்லை. அந்தக் குறைவு உண்மையானது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். நூறு பாட்டை ஒரே எம்பி3 வட்டில் போட்டுச் சில வெள்ளிக்கு விற்கத் தொடங்கிய காலம் அது. கேசட்டின் காலம் முடிந்துகொண்டிருந்தது. மேசை இன்னும் ஐந்தாறு ஆண்டுகளில் தானே நின்றிருக்கும். ஆனால் கேசட் போனதைப் பாட்டே போனதாக நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இசை கூடுமா கூடாதா என்ற விவாதம் நம் சமுதாயத்தில் என்றும் உண்டு, அன்றும் இருந்தது. தஃப் மட்டும் போதும் என்றவர்கள் இருந்தார்கள், பாட்டே வேண்டாம் என்றவர்களும் இருந்தார்கள். அந்த விவாதத்தை உலமாக்கள் முன் வைத்துப் பேசியிருக்கலாம். நாங்கள் அதைப் பேசவில்லை. கணக்கு ஒன்று கையில் இருந்ததால், பேசாமலே முடிவெடுக்க அது வசதியாகப் போயிற்று. யாருக்கும் மனத்தாங்கல் இல்லாமல் கூட்டம் முடிந்தது என்று குறிப்பில் எழுதியிருக்கிறது.

மேசை போனதோடு வேறு ஒன்றும் போனது. அந்த மேசையின் ஓரத்தில் நம் உள்ளூர்ப் பாடகர்களின் கேசட்டுகளும் இருந்தன. மீலாது மேடைகளில் பாடிய நானாமார்கள், தோட்டத்து மதரஸாவில் ஓதிக்கொடுத்த லெப்பை ஒருவர், பெருநாள் பாட்டுப் பாடிய பிள்ளைகள் எனப் பலர் வீட்டிலேயே பதிந்தவை அவை. வெற்றுக் கேசட் வாங்கி, ஐம்பது அறுபது பிரதி எடுத்து, கையால் பெயர் எழுதி மேசையில் வைத்தார்கள். எந்தக் கம்பெனிப் பட்டியலிலும், எந்த நூலகத்திலும் அவை இல்லை. நம் கணக்கிலும் இல்லை, ஏனென்றால் பாடியவரே காசை வாங்கிக்கொண்டார். ஹனிபாவின் பாட்டு எங்கே போனாலும் கிடைக்கும். இன்று யூடியூபில் ஒரே பாட்டை எத்தனையோ பேர் ஏற்றி வைத்திருக்கிறார்கள். (எத்தனை பேர் பார்த்தார்கள் என்று அங்கே காட்டும் எண்ணையும் ஒன்றாகக் கூட்டிச் சொல்ல முடியாது, ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு எண் நிற்கிறது.) மேருவில் பாடப்பட்ட பாட்டு மேருவில்தான் இருக்கவேண்டும். மேசையை நிறுத்திய பிறகு அவர்களில் பலர் பதிவதையே விட்டுவிட்டார்கள். சிலர் மௌத்தாகிவிட்டார்கள்.

இந்தக் கட்டுரைக்காக விசாரித்ததில் இதுவரை எங்கள் கைக்கு வந்தவை மூன்று கேசட்டுகள். ஒன்றில் நாடா பூஞ்சை பிடித்திருக்கிறது. ஒன்றின் மேல் யாரோ சினிமாப் பாட்டைப் பதிந்துவிட்டார்கள். முடிவில் மட்டும் நான்கு நிமிடம் மிச்சம் இருக்கிறது. மூன்றாவது நன்றாகப் பாடுகிறது, ஆனால் பாடியவர் யாரென்று அதில் எழுதியிருக்கவில்லை. சங்கத்துக்கு வந்து கேட்டால் குரலை வைத்து யாராவது சொல்லக்கூடும்.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டு அலமாரியிலும், கட்டிலுக்கு அடியில் உள்ள பெட்டியிலும் தேடிப் பாருங்கள். கிடைத்தால், ஓட்டிப் பார்க்கவேண்டாம். பழைய நாடா அறுந்துவிடும். அப்படியே கொண்டு வாருங்கள். பிரதி எடுத்துக்கொண்டு மூலத்தை உங்களிடமே திருப்பித் தருவோம், இன்ஷா அல்லாஹ். கணக்கையும் இனி ஹிஜ்ரி ஆண்டிலும் சேர்த்து எழுதும்படி இன்றைய பொருளாளரிடம் கேட்டிருக்கிறோம். 2033-இல் மறுபடியும் ஒரே ஆண்டில் இரண்டு நோன்புப் பெருநாள் வருகிறது.